பத்தி பந்த் மாமா

பம்பாயில் ஒருவர் வீடு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொன்னார் என்றால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னார் போலிருக்கிறது என்று இன்றைய பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மின்சாரத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. அவர் வீட்டில் ஃபேனும் ரேடியோவும் நாள் முழுக்க ஓடும். அவருக்கு வேண்டியிருந்தது இருட்டு. நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு இருட்டு. செம்பூரில் எங்கள் காலனியில் நாற்பத்தெட்டுக் குடித்தனங்கள். அதில் இருட்டு வேண்டும் என்று கேட்ட ஒரே ஆத்மா அவர்தான். மற்ற நாற்பத்தேழு பேரும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பத்தி என்றால் ஹிந்தியில் விளக்கு. சாயங்காலம் ஏழரை மணிக்கு மைதானத்தின் நடுவில் நின்று, மூன்று மாடிகளையும் அண்ணாந்து பார்த்து, "பத்தி பந்த் கரோ" என்று ஒரு குரல் கொடுப்பார். பத்தி பந்த் மாமா என்று காலனிப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என் காரியத்தைச் சொல்ற பேர்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

குரலுக்கு மசியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். எங்கள் வீட்டுக் கதவு அப்படித்தான் முதலில் தட்டப்பட்டது.

"பால்கனி லைட் எரியறது."

"ஆமாம் மாமா. ஸ்விட்சைப் போட்டா எரியும்."

"பால்கனில யாரும் இல்லையே."

"துணி உலர்த்தியிருக்கேன்."

"துணி என்ன, பேப்பர் படிக்கிறதா?"

அணைத்துவிட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது. ஒரு தடவை அணைத்தவர்களை அவர் அனுதாபிகள் என்று எடுத்துக்கொள்வார். எனக்கு அப்போது வயது முப்பத்துநாலு, கோட்டைப் பக்கம் ஒரு பாங்கில் வேலை, டைப் அடிக்கத் தெரியும். இந்த மூன்று தகுதிகளை வைத்து என்னைத் தன் கமிட்டிக்குக் காரியதரிசி ஆக்கிவிட்டார். பம்பாய்த் தமிழர்களுக்கு நாலு பேர் சேர்ந்தால் கமிட்டி. எங்களுக்கு நாலு பேர்கூடத் தேறவில்லை.

அவர் வயிற்றுப்பிழைப்பைப் பற்றிச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்பீர்கள். அவர் விளக்குக் கம்பெனியில் சேல்ஸ்மேன். மெர்க்குரி விளக்கு, ஃப்ளட்லைட், தெருவிளக்கு எல்லாம் விற்பார். காலை பத்திலிருந்து ஆறு வரை ஊர் முழுக்க வெளிச்சத்தை விற்றுவிட்டு, ஹார்பர் லைன் வண்டியில் தொங்கிக்கொண்டு வந்து, ஏழரைக்கு அதே வெளிச்சத்தைத் திட்டுவார். இது எப்படி மாமா என்று ஒருநாள் கேட்டேன். "சாராயக் கடைல வேலை பார்க்கறவன் குடிச்சே ஆகணுமா?" என்றார்.

அவருடைய கோபம் முழுக்க ஒரே ஒரு வார்த்தை மேல். 'பார்த்தாச்சு.'

மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். பகல் பதினொரு மணி. பெண் அம்மி மிதித்தாயிற்று. சாஸ்திரிகள் மேலே கையைக் காட்டி, அருந்ததி பார்த்தாச்சா என்று கேட்டார். மாப்பிள்ளை மண்டபத்துக் கூரையைப் பார்த்தான். பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "பார்த்தாச்சு" என்றான். சாஸ்திரிகள் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். ஆயிரம் கல்யாணத்தில் நடப்பதுதான். முன்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எங்கே?" என்றார் மாமா.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை.

"எங்கே பார்த்தேள்? எந்தப் பக்கம் இருந்தது? வசிஷ்டருக்கு எவ்வளவு தள்ளி?"

மாப்பிள்ளை பயந்துபோய் ஒரு வென்டிலேட்டரைக் காட்டினான். அதில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நாதஸ்வரக்காரர்தான் நல்ல மனிதர், கெட்டிமேளம் இல்லாத இடத்தில் கெட்டிமேளம் வாசித்து மானத்தைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு மாமாவுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் 'ரிசப்ஷனுக்கு மட்டும்' என்று பேனாவால் எழுதியிருக்கும்.

இந்த வியாதி எங்கே பிடித்தது என்று மாமிதான் சொன்னாள். மாமி என்றால் அவர் மனைவி. அவர் பேச்சில் பாதியை நறுக்கிப் போடுவதற்கென்றே கமிட்டிக் கூட்டங்களுக்கு வருவாள்.

"எங்க கல்யாணமும் மாட்டுங்காலதான். சாஸ்திரிகள் மேலே காட்டினார். மேலே ஒரு குண்டு பல்பு தொங்கிண்டிருந்தது. நாற்பது வாட்ஸ் அருந்ததி. இவர் பார்த்தாச்சுன்னார். நானும் பக்தியா ஒரு கும்பிடு போட்டேன். சாயங்காலம், நிஜமா எங்கே இருந்ததுன்னு கேட்டேன். முழிச்சார். சரி, வாசல்ல வந்து காட்டுங்கோன்னேன். நாளைக்குன்னார். அந்த நாளைக்கு இருபத்தேழு வருஷமா வந்துண்டே இருக்கு."

"அன்னிக்கு வாசல்ல நின்னாலே தெரிஞ்சிருக்கும்" என்றார் மாமா, தரையைப் பார்த்து. "அப்போ மாட்டுங்கால ராத்திரி ராத்திரியா இருக்கும். அதுக்கப்புறம் நான்தான் ஊரெல்லாம் லைட் வித்தேனே."

இதில் சிரிக்க நிறைய இருந்தது, ஒரு விஷயத்தைத் தவிர. மாமியின் சர்க்கரை கண்ணுக்கு வந்திருந்தது. ஒரு கண்ணில் ஏற்கெனவே புகை மூட்டம். மற்றொன்று எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாது, பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காசி, ராமேஸ்வரம்னு நினைச்சேன். இவர் லைட்டை அணைக்கறேங்கறார்" என்றாள் மாமி.

பம்பாயைத் தாண்டி அம்பர்நாத்தில் உங்கள் சொந்தக்காரர் வீடு இருக்கிறதே, அங்கே போனால் வானம் நன்றாகத் தெரியுமே என்று நான் யோசனை சொன்னேன். காரியதரிசிக்கு மூளை இருப்பதைக் காட்ட வேண்டாமா? மாமி ஒரே போடாகப் போட்டாள்.

"அம்பர்நாத் நட்சத்திரம் எனக்கு எதுக்கு? பொய் சொன்ன ஊர்லயே காட்டச் சொல்லு."

ஆகவே கமிட்டி. மூன்றாவது அங்கத்தினர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த மீரான் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாமா அவர் பட்டறைக்கு விளக்கு விற்கப் போய், விளக்கை விற்காமல் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாய்க்குப் பிறை பார்க்க இருட்டு வேண்டும்.

"நோம்பு முடிய தலப்பிறை பாக்க மாடில ஏறி நிக்கோம். எதுத்த கம்பெனி லைட்டு மூஞ்சிலயே அடிக்கி. நூலு மாதிரி இருக்க பிறைய எங்கிட்டுப் பாக்க?" என்றார். "சும்மா பாத்தேன்னு சொன்னாலும் எங்க ஆளுவ உடமாட்டாவ. எங்க நின்னு பாத்த, கொம்பு எந்தப் பக்கம் இருந்துச்சி, கூட ஆரு பாத்தான்னு கேப்பாவ. சாட்சி வேணும்."

மாமாவுக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பார்த்தேன் என்று சொன்னவனை, எங்கே என்று கேட்கிற ஒரு கூட்டம் இந்த பம்பாயிலேயே இருக்கிறது! "பாய், நான் தப்பான எடத்துல பொறந்துட்டேன்" என்றார். "அதனாலென்ன, நாங்க மட்டும் இருட்டுலயா இருக்கோம்" என்றார் பாய்.

கமிட்டியின் முதல் பெரிய காரியம், ஹிந்தியில் ஒரு நோட்டீஸ். 'அந்தேரா பச்சாவ் கமிட்டி'. இருட்டைக் காப்பாற்றும் குழு. பாய்க்குத் தெரிந்த அச்சகத்தில் கொடுத்தோம். இருட்டைப் போய் எவனாவது காப்பாற்றுவானா, எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும் என்று கம்பாஸிட்டர் தன் பொறுப்பில் திருத்திவிட்டான். ஒரே ஒரு மாத்திரைதான், நம் துணைக்கால் மாதிரி. 'அந்தேரி பச்சாவ் கமிட்டி' என்று ஐந்நூறு நோட்டீஸ் வந்து இறங்கியது. அந்தேரி, வெஸ்டர்ன் லைனில் இருக்கிற ஊர்.

நாங்கள் கவனிக்காமல் பாதியை விநியோகித்துவிட்டோம். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் பதறிப்போய், "அந்தேரிக்கு என்ன ஆச்சு?" என்றார். வெள்ளமா, தீயா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். செம்பூரில் ஒரு மாமி பழைய புடவை மூட்டை ஒன்றை என் வாசலில் கொண்டுவந்து வைத்து, அந்தேரியில் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். இருட்டுக்கு ஒரு ஆதரவும் இல்லாத ஊரில் அந்தேரிக்கு எவ்வளவு கருணை!

எங்கள் பக்கத்து எண்ணெய் ரிஃபைனரிக்கும் ஒரு கடிதம் எழுதினோம். செம்பூர்க்காரர்களுக்குத் தெரியும், ராத்திரி பூரா அந்தக் குழாய் உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். அதைத் தயவுசெய்து சற்றுத் தணிக்க முடியுமா என்று நான்தான் டைப் அடித்தேன். பதிலுக்கு ஒரு காலண்டர் வந்தது. ஜனவரி மாதப் படமே அந்த நெருப்புதான்.

இப்படியெல்லாம் கேலி செய்கிறேனே, நானே எவ்வளவு யோக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாங்கில் கணக்கு முடிக்கும் நாட்களில் எட்டு மணிக்குமேல் ஸ்டேஷனில் இறங்கி, பெண்பிள்ளை தனியாக நடந்து வருவேன். தெரு விளக்கு எரிந்தால் எனக்கு உயிர் வரும். கூட்டத்தில் இருட்டுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வருகையில் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிற காரியதரிசி நான்.

இதை மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தாராவியில் ஒரு பெண் சொல்லிவிட்டாள். மீரான் பாய் தெருவில் நாங்கள் நோட்டீஸை, கையால் திருத்திய நோட்டீஸை, கொடுத்துக்கொண்டிருந்தோம். குழாயடியில் குடத்தோடு நின்றவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இருட்டா வேணும்? எங்க தெருவுல நெறைய கெடக்கு சாமி. சாக்கு கொண்டாங்க, அள்ளித் தாரேன். போன மாசம் எம்மவ சாக்கடைல உழுந்து கால ஒடச்சிக்கிட்டு கெடக்கா. எங்களுக்கு ஒரு லைட்டக் குடுத்துட்டு, இருட்ட நீங்களே வச்சிக்கிடுங்க."

பாய் ஏதோ சொல்லப் போனார். மாமா தடுத்துவிட்டார். செம்பூர் வரும்வரை பஸ் ஜன்னல் வழியாகத் தெரு விளக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் கம்பெனி சாம்பிள் விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். ஒரு எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, உள்பக்கம் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, விளக்குக்குத் தொப்பி மாதிரி கவிழ்த்துக் கட்டினார். வெளிச்சம் முழுவதும் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. மேலே ஒரு சொட்டுப் போகவில்லை. அந்தப் பெண் விளக்கடியில் நின்று தன் காலைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள், டீ வாங்கி வரச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் அணைக்கச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். "லைட் குனிஞ்சு பார்க்கட்டும், நாம நிமிர்ந்து பார்ப்போம்" என்று ஒரு புதுப் பேச்சு. டால்டா டின், எண்ணெய் டின், பெயிண்ட் டப்பா எதுவும் காலனியில் மிஞ்சவில்லை. டின் வெட்டும் கத்தரியோடு அலைந்தார். கையெல்லாம் பிளாஸ்திரி. தாராவியில் ஒன்பது தெரு விளக்குகள் தொப்பி போட்டுக்கொண்டன. எங்கள் காலனியில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. தாராவியில் டின் கட்டலாம், செம்பூரில் கட்டினால் கௌரவம் என்ன ஆவது?

முக்கியமாக மைதானத்து ஃப்ளட்லைட். மாடியில் ஏறினால் வடக்கு வானத்தையே அது தின்றுகொண்டிருக்கும். சப்தரிஷி மண்டலம் வருவதும் அந்தப் பக்கம்தான். அதை நாலு வருஷத்துக்கு முன் காலனிக்கு விற்றது யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான். அந்த வருஷம் அதற்காகக் கம்பெனியில் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

காலனி சேர்மன் ரொம்ப நிதானமான மனிதர். "நீங்கதானே வித்தேள்? எட்டுத் திக்கும் வெளிச்சம் அடிக்கும்னு டெமான்ஸ்ட்ரேஷன் வேற குடுத்தேள்" என்றார்.

"தப்புப் பண்ணிட்டேன். ஒரு டின் கட்டிக்கறேன்."

"டால்டா டின்னா? பார்க்கறவா சிரிப்பா."

"அப்போ பத்தே நிமிஷம் அணைச்சுக் குடுங்கோ. ஒரே ஒரு நாள். அமாவாசையா பார்த்து."

"அமாவாசையும் வரணும், லைட்டும் அணையணுமா? திருடனுக்கு லெட்டர் போட்டுக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி."

மூன்று மாதம் இப்படியே போயிற்று. மாமியின் நல்ல கண்ணிலும் புகை வர ஆரம்பித்தது. அரிசியில் கல் பொறுக்குவதை மாமா எடுத்துக்கொண்டார். சேர்மனிடம் போகிற தடவைகள் கூடின. கடைசியில், சித்திரை மாதம், சேர்மனே மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தன் பெண் கல்யாணம். ஒரே காலனி, ரிசப்ஷனுக்கு மட்டும் என்று எழுத முடியாது.

"பத்து நிமிஷம் தரேன்" என்றார். "கல்யாணத்துல நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சாஸ்திரிகள் என்ன கேட்டாலும் சரி, மாப்பிள்ளை என்ன சொன்னாலும் சரி. ஒரு வார்த்தை வந்ததோ, லைட் அப்படியே எரியும்."

நான் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தேன். வெற்றிலையை இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு வந்திருந்தார். சாஸ்திரிகள் கையை மேலே தூக்கியதும் மண்டபம் முழுக்க மேலே பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தது. மாப்பிள்ளை ஒரு ட்யூப்லைட்டைப் பார்த்தான். "பார்த்தாச்சு" என்றான். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த மாமாவின் விரல்களில் பிளாஸ்திரிகள் இறுகின. அட்சதையைத் தூக்கிப் போட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதை ஏன் மறைப்பானேன்.

அமாவாசை ஒரு சனிக்கிழமை வாய்த்தது. எட்டே காலுக்கு மொட்டை மாடியில் நான், மாமா, மாமி, தாராவியிலிருந்து வந்த மீரான் பாய். கீழே வாட்ச்மேன் ஃபியூஸைப் பிடுங்கினான். மைதானம் அணைந்தது. வேடிக்கைக்காக ஜனங்கள் பால்கனி விளக்குகளையும் அணைத்தார்கள்.

வானம் அப்படியே கொட்டிவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். பம்பாய் வானம், அள்ளிக் கொடுக்கக் கை வருமா அதற்கு? எண்ணினால் முப்பது நாற்பது நட்சத்திரம். ஆனால் வடகிழக்கே அந்தச் சதுரமும் வாலும் இருந்தன. மாமா, மாமியின் தோள் வழியாகக் கையை நீட்டினார்.

"அதோ சதுரம். அதுலேர்ந்து வால் கீழே இறங்கறது. வால்ல மூணு. நடுவுல இருக்கறது வசிஷ்டர். அவரை ஒட்டிண்டு, சின்னதா..."

நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். பொட்டு மாதிரி ஒன்று இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. "இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய் மெதுவாக. பிறை பார்த்துப் பழகிய கண் அது.

மாமி நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் தண்ணீர் டாங்க் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் நட்சத்திரமே இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு கோபுரத்தின் சிவப்பு விளக்குதான் இருந்தது. அதைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"பார்த்தாச்சு" என்றாள்.

நான் மாமாவைப் பார்த்தேன். பாயும் அவரைத்தான் பார்த்தார். அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் திறந்தது. எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி? மூன்று கேள்வியும் பல்வரை வந்துவிட்டன. இந்தத் தடவை சேர்மன் நிபந்தனை எதுவும் போட்டிருக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டார். மாமியின் முழங்கையைப் பிடித்து டாங்க் ஓரமாக உட்காரவைத்தார்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு" என்றார். "சித்த உட்காரு."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கைப்பிடிச் சுவர் பக்கம் போய்விட்டோம். விளக்கு திரும்ப வந்தபோது எனக்குச் சேர்மன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பத்து நிமிஷம் என்று ஒப்புக்கொண்டது நாங்கள்தான் என்றாலும்.

இறங்குவதற்கு முன் கமிட்டியின் மினிட்ஸ் நோட்டைப் பிரித்தேன். காரியதரிசி அல்லவா? என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"பார்த்தாச்சுன்னு எழுது" என்றார் மாமா.

எழுதினேன். பாய் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். "பாத்தேன்னு அந்தம்மா சொன்னத என் காதால கேட்டேன். அதுக்கு நான் சாட்சி" என்று கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு ரெண்டு சாட்சி வேணும் என்று நோட்டை என்னிடம் நீட்டினார்.

முப்பத்தெட்டு வருஷம் பாங்கில் இருந்தவள் நான். கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, அது ஒன்றைத் தவிர.